மதர்போர்டு போயிருச்சு சார்!

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு தடவையாவது கேட்டிருக்கக்கூடிய வாக்கியம் இது. சொல்கிறவர் முகத்தில் ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் டாக்டரின் சோகம் இருக்கும். கையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். மல்டிமீட்டர் மட்டும் இருக்காது.

முழுசாகச் செத்துப்போன கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அதில் ஏமாற்ற இடம் குறைவு. சரி செய்தால் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. என் சண்டை இன்னொரு ரகத்தைப் பற்றியது. திங்கட்கிழமை பட்டனை அழுத்தினால் ஆன் ஆகும். செவ்வாய் ஆகாது. அரை மணி கழித்து, 'சும்மா பார்க்கலாமே' என்று அழுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். மெக்கானிக் வந்து நின்றால், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த மாதிரி அடக்கமாக இருக்கும்.

இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறுதான் ரிப்பேர் தொழிலின் தங்கச் சுரங்கம். எப்படியும் அடுத்த தடவை ஆன் ஆகப்போகிற பெட்டியில் எதை மாற்றினாலும், மாற்றியதால்தான் ஆனது என்று தோன்றும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காக்கைக்கு ஆறாயிரம் ரூபாய் பில் போடுவதுதான் புதுசு.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஐந்து நாளைக்கு ஒரு நாள் மக்கர் செய்யும் கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், யாரும் தொடாமலே திரும்பக் கொண்டுவந்தால்கூட, அடுத்த மூன்று நாள் ஒழுங்காக ஓட ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பதினான்கு நாள் விடாமல் ஓடினால் மட்டுமே கதை வேறு. தானாக அப்படி நடக்க நூற்றுக்கு நாலு வாய்ப்புதான். ஆகவே, 'கடையிலயே மூணு தடவை ஆன் பண்ணிக் காட்டினேனே சார்' என்பது எதற்கும் நிரூபணம் இல்லை. ரெண்டு வாரம் ஓடட்டும், அப்புறம் பேசலாம்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? பலர் நினைப்பது போல முன்பக்கத்துப் பட்டன் ஃபேன் ஸ்விட்ச் மாதிரி கரண்டைத் திறந்துவிடுவதில்லை. பழைய ஏ.டி. பெட்டிகளில் அப்படித்தான் இருந்தது. 1995-ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற முறையைக் கொண்டுவந்ததிலிருந்து அந்தப் பட்டன் வெறும் காலிங் பெல். பிளக் சொருகியிருக்கும்வரை எஸ்.எம்.பி.எஸ். அரைத்தூக்கத்தில் 5 வோல்ட் மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் பெல் அடித்ததும் மதர்போர்டு முழித்துக்கொண்டு, பச்சை ஒயர் வழியாக எஸ்.எம்.பி.எஸ்.ஸை எழுப்புகிறது. அது 12, 5, 3.3 வோல்ட்டுகளைக் கொடுத்து, எல்லாம் நிலையானதும் சாம்பல் ஒயரில் 'ரெடி' என்கிறது. அதன் பிறகுதான் பிராசஸர் வேலையைத் தொடங்கும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி சுணங்கினாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: ஆன் ஆகலை.

எனவே தேடுவதற்கு முதல் படி, வருகிறவர் நம்மிடம் கேள்வி கேட்பது. எந்த டாக்டரும் 'எத்தனை நாளா இருக்கு, எப்ப வலிக்குது?' என்று கேட்காமல் வயிற்றைக் கிழிப்பதில்லை. இங்கே நேராகக் கிழிப்பதுதான் வழக்கம்.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. ஆன் ஆகவில்லை என்றால் எப்படி? ஃபேன்கூடச் சுற்றவில்லையா? ஒரு விநாடி சுற்றி நின்றுவிடுகிறதா? அல்லது ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் இருட்டா? மூன்றும் மூன்று வியாதி. கடைசி ரகத்தில் ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே பாதி கேஸ் டிஸ்சார்ஜ் ஆகிவிடும். காலையில் முதல் தடவை மட்டும் அடம் பிடித்து, அப்புறம் நாளெல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா? கிழடு தட்டிய கெப்பாசிட்டர் மேல் சந்தேகப்படலாம். உள்ளே இருக்கும் திரவம் வற்றிய கெப்பாசிட்டருக்குக் குளிர் ஆகாது. மேஜையை நகர்த்தினால் ஆன் ஆகிறதா? லூஸ் கான்டாக்ட். யு.பி.எஸ்.ஸும் ஸ்பைக் பஸ்டரும் இல்லாமல் நேராகச் சுவரில் சொருகினால் ஓடுகிறதா? கம்ப்யூட்டர் நிரபராதி.

பட்டனே கெட்டிருக்கலாம். சோதிக்கச் செலவு பூஜ்யம். ரீசெட் பட்டனின் ஒயரைப் பவர் பின்களில் மாட்டி, ரெண்டு வாரம் அதை அழுத்திப் பார்த்தால் போச்சு. மல்டிமீட்டர் இருந்தால் 12 வோல்ட் லைனில் 11.4-க்குக் கீழே இறங்குகிறதா என்று பார்க்கலாம். அதற்குக் கீழே போனால் எஸ்.எம்.பி.எஸ். குற்றவாளிக் கூண்டில். ஆனால் அந்தப் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

இவ்வளவும் அரை மணி வேலை. இதைச் செய்யாமல் 'போர்டு போச்சு' என்று சொல்வதன் விலை என்ன தெரியுமா? ஐந்தாறு வருஷத்துப் பெட்டிக்கு அதே மாடல் புது போர்டு கிடைப்பது கஷ்டம். வேறு போர்டு என்றால் வேறு பிராசஸர், வேறு ராம். ஒரு டீ விலையில் முடிந்திருக்க வேண்டிய கெப்பாசிட்டர், புதுக் கம்ப்யூட்டராக வீட்டுக்குள் நுழைகிறது. ப்ளஸ் டூ படிக்கும் பெண்ணுக்காகத் தவணையில் கம்ப்யூட்டர் வாங்கிய குடும்பத்துக்கு இது சிரிப்பான விஷயம் இல்லை.

தெருமுனைக் கடைக்காரரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. பெரிய இடத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. 2003 முதல் 2005 வரை வந்த டெல் ஆப்டிப்ளெக்ஸ் கம்ப்யூட்டர்களில் கெட்ட கெப்பாசிட்டர்கள் இருந்தன. அந்தச் செலவுக்காக 2005-ல் டெல் 30 கோடி டாலர் ஒதுக்கியது. 2010-ல் ஒரு வழக்கின் ஆவணங்கள் வெளியே வந்தபோதுதான் மீதி தெரிந்தது. டெக்ஸாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் பெட்டிகள் படுத்தபோது, கடினமான கணக்குகளைப் போட்டு கம்ப்யூட்டரைச் சிரமப்படுத்திவிட்டீர்கள் என்று காரணம் சொல்லப்பட்டதாம்! கணக்குப் போடுவதற்காகப் பிறந்த யந்திரம், கணக்குப் போட்டதால் படுத்தது. கெட்ட போர்டுக்குப் பதிலாக இன்னொரு கெட்ட போர்டை மாட்டிவிட்டார்கள் என்றும் அந்த வழக்கில் குற்றச்சாட்டு உண்டு. கண்டுபிடிக்காமல் மாற்றுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

கடைக்காரர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆறாயிரம் ரூபாய் போர்டுக்கு மறுபேச்சில்லாமல் பணம் எடுக்கிற அதே வாடிக்கையாளர், 'என்னத்தைப் பண்ணிட்டீங்க, துடைச்சு மாட்டினதுக்கு ஐந்நூறா?' என்று மல்லுக்கு நிற்கிறார். பொருளுக்குக் காசு, மூளைக்கு ஓசி. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பவனுக்குக் கூலி இல்லை, யோசிக்காமல் போர்டை மாற்றுபவனுக்குக் கமிஷன் உண்டு என்றால், எவன் யோசிப்பான்? சென்னை ரிச்சி தெருவில் சால்டரிங் அயர்னும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்து ஒற்றை கெப்பாசிட்டரை மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கிற கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். லாபம் உங்களுக்குத்தான்.

மற்றபடி, வீட்டுக்காரர் செய்யக்கூடியது நாலு காரியம். ஒன்று, கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு சீட்டு வைத்து என்றைக்கு, எத்தனை மணிக்கு, எப்படி மக்கர் செய்தது என்று குறித்துவையுங்கள். மெக்கானிக் முன்னால் சாதுவாக நடிக்கும் பெட்டிக்கு எதிராக அந்தச் சீட்டுதான் சாட்சி. இரண்டு, போர்டை மாற்றணும் என்றால், 'என்ன டெஸ்ட் பண்ணீங்க?' என்று கேளுங்கள். மூன்று, மாற்றினால் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு, பதினான்கு நாள் கெடு சொல்லுங்கள். அதற்குள் மறுபடி மக்கர் செய்தால் போர்டு வாபஸ், பணம் வாபஸ் என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

எழுதித் தந்தால் அவர் டெஸ்ட் பண்ணியிருக்கிறார் என்று நம்பலாம். தயங்கினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.