பன்றிக்கறியும் பண்பாடும்

உண்ணத் தக்கன எவை, தகாதன எவை என்னும் ஆராய்ச்சி உலகெங்கும் தொன்றுதொட்டு நிகழ்ந்து வருவதொன்று. அவ்வாராய்ச்சியிற் புகுந்து தீர்ப்புரைத்தல் என் கருத்தன்று. சென்ற கோடை விடுமுறையில் ஜப்பானியர் முறைப்படி பன்றிக்கறியை எங்கள் இல்லத்தில் யானே சமைத்தேன். அதனைக் கேள்வியுற்ற நண்பரொருவர், "பன்றியா? சீ! இழிந்தோர் உணவன்றோ அது!" என்றார். அவர் 'சீ' என்றது என்னை வருத்தவில்லை. 'இழிந்தோர்' என்றதே வருத்தியது. அச்சொல்லைப் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

யான் சமைத்த உணவுக்கு 'டொன்தெக்கி' என்று பெயர். 'டொன்' என்பது பன்றியைக் குறிக்கும் சீன வழக்கு. 'தெக்கி' என்பது மாட்டிறைச்சி வறுவலைக் குறித்து ஐரோப்பாவினின்று வந்த 'பிஃபுதெக்கி' என்னும் சொல்லின் வால். தலை சீனத்தது, வால் ஐரோப்பாவினது. ஆயினும் உடல் முழுதும் ஜப்பானியரதே. மியே மாநிலத்து யொக்காயிச்சி நகர் இதற்குப் பெயர்பெற்றது.

செய்முறை எளிது. பன்றியின் முதுகுப் பகுதியிலிருந்து 2 சென்டிமீட்டர் பருமனுக்குக் குறையாத துண்டொன்றை, ஆளுக்கு 200 கிராம் அளவில் கொள்ளுதல் வேண்டும். கொழுப்புக்கும் சதைக்கும் இடையே ஓடும் நரம்பைக் கத்திமுனையால் நாலைந்து இடங்களிற் கீறிவிடல் இன்றியமையாதது. அன்றேல், சூடு பட்டவுடன் நரம்பு சுருங்கிக் கறி கிண்ணம்போல் வளையும். நடுப்பகுதி செவ்வையாக வேகாது. யொக்காயிச்சி நகரத்தார் ஒரு விளிம்பை மட்டும் வெட்டாது விட்டு, ஏனைய பகுதியை விரல்கள்போற் பிளப்பர். கறி கையுறை வடிவாய்த் தோன்றும். உப்பும் மிளகுத் தூளும் இட்டு, கோதுமை மாவை மெல்லெனத் தூவுக. பூண்டுச் சீவல்களைக் கொழுப்பிற் பொன்னிறமாக வறுத்து, கருகிக் கசப்பதன்முன் எடுத்துவிட்டு, அக்கொழுப்பிலேயே கறியை இருபுறமும் சிவக்கச் செய்து, தீயைத் தணித்து மூடி வேகவிடுக. ஈற்றில் வூஸ்டர் சாஸும் சோயா சாஸும் சிறிது சர்க்கரையும் கலந்து ஊற்றினால், மேற்பூசிய மாவு அக்குழம்பைப் பற்றிக்கொண்டு பளபளக்கும். கறியின் நடுவிடம் 75 பாகை வெப்பத்தில் ஒரு நிமிடமேனும் இருத்தல் வேண்டும். பன்றிக்கறியைப் பச்சையாக உண்ணக் கொடுத்தலை ஜப்பானிய அரசு 2015-ஆம் ஆண்டில் தடுத்துவிட்டது. நூல்போல் அரிந்த முட்டைக்கோசும் சூடான சோறும் உடன் இருப்பின் உணவு நிறைவுறும்.

இத்துணை இயல்பாக இன்று ஜப்பானிய இல்லங்களிற் சமைக்கப்படும் பன்றிக்கறி, அந்நாட்டில் என்றும் இவ்வாறு ஏற்கப்பட்டதன்று. 675-ஆம் ஆண்டில் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்ணலாகாதென ஆணையிட்டார். பன்றி அவ்வாணையில் இடம்பெறவில்லை. எனினும் நாற்கால் விலங்கின் ஊன் தீட்டு என்னும் எண்ணம் பிற்காலத்தே வேரூன்றியது. ஆட்சித் தலைவராகிய ஷோகுன்களுள் இறுதியானவர் தொகுகவா யோஷினோபு. அவரே பன்றிக்கறியை விரும்பியுண்டமையாற் பட்டப்பெயர் சூட்டி நகையாடப் பெற்றார் எனின், பிறர் நிலையைக் கூறவும் வேண்டுமோ? பின்னர் 1872-இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சியை உலகறிய உண்டார். ஊனுணவின்மேல் இருந்த தடை தளர்ந்தது. 1895-இல் தோக்கியோவின் கின்சாப் பகுதியிற் தோன்றிய ரெங்காதேய் உணவகம், சில ஆண்டுகளிற் பன்றிக்கறிக் கட்லெட்டைப் படைத்துப் புகழ்பெற்றது. தீட்டென்று தள்ளப்பட்ட ஊன் விருந்தாயிற்று.

ஆயின், அவ்வூனை ஆக்கிக் கொடுத்த மனிதர் நிலை யாதாயிற்று? விலங்கறுத்தலும் தோல் பதனிடுதலும் செய்தோர் அந்நாட்டில் பல நூற்றாண்டுகளாக இழிபெயரிட்டு ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர். அவ்விழிபெயர்களை நீக்கும் ஆணை 1871-இல், பேரரசர் ஊனுண்ட செய்தி பரவுவதற்குச் சில திங்கள் முன்னரே, பிறந்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தன. ஊன் விரைவில் ஏற்றம் பெற்றது, மனிதன் பெறவில்லை. தம் மதிப்பைத் தாமே நாட்டிக்கொள்ள அம்மக்கள் 1922-இல் கியோத்தோ நகரிற் கூடி 'ஸுயிஹெய்ஷா' என்னும் சங்கத்தை நிறுவ வேண்டியதாயிற்று. தோக்கியோவின் ஷிபவுரா இறைச்சிச் சந்தையில் உழைப்போரை இழித்துரைக்கும் கடிதங்கள் இந்நாள்காறும் வந்ததுண்டு. கறியைச் சுவைத்துக் கறுத்தவனை வெறுப்பது என்ன நாகரிகம்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. எனினும் ஓர் உணவைச் சுட்டி அதை உண்போரை 'இழிந்தோர்' என்னும் நா இன்னும் ஒழியவில்லை. ஒருவர் தம் சமயநெறி பற்றியோ, உயிரிரக்கம் பற்றியோ, நாவுக்குப் பிடியாமை பற்றியோ பன்றிக்கறியை விலக்கினால், அவ்விலக்கை யாம் போற்றுதல் வேண்டும். அத்தகைய நண்பர் இல்லம் வருங்கால் அதனைச் சமையாதிருத்தலே பண்பு. ஆனால் விலக்கல் வேறு, இழித்தல் வேறு. விலக்கல் தன் கலத்தைப் பற்றியது. இழித்தல் பிறன் கலத்தில் உமிழ்வது.

இதனை எழுதும் யான் குற்றமற்றவன் அல்லேன். அன்று காலை கறி வாங்கச் சென்றபொழுது, என் தந்தையினும் மூத்தவராகிய கடைக்காரரை ஒருமையில் விளித்தேன். மளிகைக் கடையில் யான் அவ்வாறு எவரையும் விளித்ததில்லை. அவரோ சினவாது, "தம்பி, இந்த நரம்பைக் கீறாமல் சட்டியில் போட்டால் கறி வளைந்துவிடும்" என்று தம் கத்தியாலேயே கீறிக் காட்டினார். மேலே யான் எழுதிய செய்முறையின் முதன்மையான நுட்பம் அவர் தந்தது, நூல் தந்ததன்று. நண்பரின் சொல் என்னைத் தைத்தமைக்குக் காரணம், அதே சொல் என் நாவின் அடியிலும் கிடந்தமையே.

ஆகவே மாணவ நண்பர்களே! அயல்நாட்டு உணவை நம் அடுப்பில் ஆக்கிப் பார்த்தல் நன்றே. ஆனால் செய்முறையைக் கற்பதோடு அமையாது, அவ்வுணவு கடந்து வந்த வழியையும் கற்போம். ஜப்பானியர் ஓர் ஊனைத் தீட்டினின்று மீட்க ஒரு தலைமுறை போதியதாயிற்று. மனிதனை மீட்க அது போதவில்லை. அப்பிழையை நாமும் செய்தல் வேண்டா. மறுமுறை யான் அக்கடைக்குச் சென்றபொழுது, "ஐயா, அரைக்கிலோ தாருங்கள்" என்றேன். அவர் நிமிர்ந்து ஒருமுறை என்னை நோக்கினார். பின்பு நல்ல துண்டாகத் தேர்ந்து, நரம்பையும் தாமே கீறித் தந்தார்.