கப்பலுக்கு ஏது பைலட்?

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வாங்கப் போயிருந்தேன். பொம்மைகளைப் பழைய பத்திரிகைத் தாளில் பொதிந்துகொண்டே கடைக்கார அம்மாள் கேட்டார்: "என் பொண்ணு கப்பல் படிப்புப் படிச்சு பைலட் ஆகப்போறாளாம். பைலட்னா ஆகாய விமானத்துக்குத்தானேம்மா? கப்பலுக்கு ஏது பைலட்?"

கடல் அந்த ஊருக்குச் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, கடலூரில் இருக்கிறது. கேள்வியில் தப்பில்லை. ரயில் அவசரத்தில் சொல்லாமல் வந்துவிட்டேன், உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

பல சமுத்திரம் தாண்டிய காப்டனுக்கும், ஒரு துறைமுகத்து வாசலில் மணல் எங்கே மேடிட்டிருக்கிறது என்பது தெரியாது. முதல் தடவை வரும் சம்பந்தி தெருமுனையில் நின்று, "பையனை அனுப்புங்கள்" என்று சொல்வதில்லையா? அந்தப் பையன்தான் பைலட். படகில் எதிரே போய், ஓடும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியில் ஏறுவார். எந்தப் பக்கம் திருப்புவது, எத்தனை வேகம் என்பதெல்லாம் அப்புறம் அவர் சொல்வதுதான். வேடிக்கை என்னவென்றால், கப்பலுக்குப் பொறுப்பாளி அப்போதும் காப்டனே!

ஹூக்ளி நதியில் இந்த வேலை மிகவும் கடினம். கடல் முகத்திலிருந்து கல்கத்தாவுக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் ஆற்றுக்குள்ளேயே போகவேண்டும். மணல் திட்டுகளோ இடம் மாறிக்கொண்டே இருக்கும். 1694-ல் ஒரு கப்பலை விழுங்கிய திட்டுக்கு 'ஜேம்ஸ் அண்ட் மேரி' என்று அந்தக் கப்பலின் பெயரே நிலைத்துவிட்டது.

அந்த ஆற்றில் கப்பல் நடத்தத்தான் நம் சென்னைப் பெண் ரேஷ்மா நிலோபர் 2011-ல் பயிற்சிக்குச் சேர்ந்தார். 2018-ல் இந்தியாவின் முதல் பெண் நதி பைலட் ஆனார். 2019 மார்ச்சில் ஜனாதிபதி கையால் நாரி சக்தி விருது பெற்றார். நடுவில் ஏழு வருஷம் இருப்பதைக் கவனித்தீர்களா? எனக்கு விருதைவிட அதுதான் பெரிதாகப் படுகிறது.

பெற்ற வயிறு பயப்படத்தான் செய்யும். ஏணியில் தவறி உயிர்விட்ட பைலட்டுகள் பல தேசங்களில் உண்டு. அதை மறைக்க மாட்டேன். அதனால்தான், 9 மீட்டருக்கு மேல் ஏறவேண்டியிருந்தால் வெறும் கயிற்றேணி போதாது, கப்பலின் படிக்கட்டையும் சேர்த்து இறக்கவேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது.

நான் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் உள்ளே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாங்கிய பொம்மைகளில் ஒன்றுக்கு வழியிலேயே கை உடைந்துவிட்டது. மாற்ற எப்படியும் போகவேண்டும். இந்தப் பக்கத்தையும் கையோடு எடுத்துப் போகிறேன்.