குலுக்கலில் பேர் விழலைன்னா?

ஃபைனல் இயர் நெருங்கினாலே நம்ம ஊர் இன்ஜினீயரிங் காலேஜ் கேன்டீன்களில் ரெண்டு கோஷ்டி உருவாகிடும். ஒன்று, பிளேஸ்மென்ட் கோஷ்டி. இன்னொன்று, 'எம்.எஸ். முடிச்சுட்டு அமெரிக்காவுலயே செட்டிலாயிடுவேன் மச்சி' கோஷ்டி. இந்த வார மேட்டர் ரெண்டாவது கோஷ்டிக்கு!

அமெரிக்காவில் சீட் கிடைப்பது ஒரு விஷயம். படித்து முடித்ததும் அங்கே வேலையில் நீடிப்பது முற்றிலும் வேறு விஷயம். ரெண்டுக்கும் நடுவில் நிற்பது ஒரு குலுக்கல். ஆமாங்க, நிஜமாகவே குலுக்கல்தான்!

மாஸ்டர்ஸ் முடித்ததும் ஓ.பி.டி. என்ற அனுமதியில் 12 மாதம் வேலை பார்க்கலாம். இன்ஜினீயரிங், சயின்ஸ், மேத்ஸ் பார்ட்டிகளுக்கு மேலும் 24 மாதம். ஆக, 3 வருஷம். அதற்குள் ஹெச்-1பி விசா வாங்கியாகணும். வருஷத்துக்கு 65,000 விசா, அங்கேயே மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. அவ்வளவுதான் கோட்டா! மார்ச்சில் கம்பெனி உங்க பேரைப் பதியும். பேர் விழுந்தால் அக்டோபரில் விசா. மே மாதம் பட்டம் வாங்குகிறவருக்கு இப்படி மூன்று மார்ச் கிடைக்கும். மூன்றிலும் விழலைன்னா? பெரும்பாலும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

'எங்க சித்தப்பா பையன் ஈஸியா போனானே!' என்கிறீர்களா? அவர் எந்த வருஷம் போனார் என்று கேளுங்க. 2001 முதல் 2003 வரையிலான நிதியாண்டுகளில் கோட்டா 1,95,000. 2004-ல் அது 65,000 ஆகச் சுருங்கியது. 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகப் போடும் புது மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று உத்தரவு வந்தது. அங்கேயே படித்து, அங்கிருந்தபடியே விசா மாறுகிறவர்களுக்கு இது இல்லை என்று அக்டோபரில் விளக்கம் கொடுத்தார்கள். 2025 டிசம்பரில் இன்னொரு விதி: சம்பள நிலை உயர்ந்தால் குலுக்கலில் வாய்ப்பும் அதிகம். நாலாம் நிலைக்கு நாலு சீட்டு, முதல் நிலைக்கு ஒரே சீட்டு. புதுசா வேலைக்குச் சேரும் நம்ம ஆட்கள் எந்த நிலையில் இருப்பாங்கன்னு சொல்லணுமா?

பயமுறுத்த இதை எழுதலை பாஸ். போங்க, தாராளமா போங்க. ஆனா, விசா விழும் என்பதையே பிளானாக வெச்சுக்காதீங்க.

முதல் வேலை, கடன் கணக்கு. 40 லட்சம் கடன், 10 சதவிகித வட்டி, 10 வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 53,000 ரூபாய் கட்டணும். படிக்கும்போதே ஏறுகிற வட்டி தனி. டாலர் சம்பளத்தில் இது சாதாரணம். சென்னையில் முதல் வேலை கிடைத்துத் திரும்பி வந்தால்? அந்தச் சம்பளத்தில் கட்ட முடியுமா என்று இப்பவே பாருங்க. செங்கம், போளூர், ஆரணி பக்கமிருந்து வர்ற ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு தடவை பாருங்க. பெரிய கடன் என்றால் பேங்க்கில் உட்காரப்போவது பெரும்பாலும் அப்பாவோட நிலப் பத்திரம். முடியாதுன்னா உதவித்தொகை தரும் யுனிவர்சிட்டி, செலவு கம்மியான ஊர் என்று தேடுங்க.

ரெண்டாவது, காலண்டர். முதல் 12 மாத ஓ.பி.டி.யில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. கூடுதல் 24 மாதம் வேண்டுமென்றால், கம்பெனி 'இ-வெரிஃபை' என்கிற அரசு முறையில் பதிந்திருக்கணும். இன்டர்வியூவிலேயே இதைக் கேட்கலாம், தப்பே இல்லை. இன்னொரு டிப்ஸ்: பல்கலைக்கழக வேலைகளுக்கு ஹெச்-1பி கோட்டா கிடையாது, குலுக்கலும் கிடையாது.

மூன்றாவது, ரெண்டாவது கதவு. ஜெர்மனியில் பட்டம் முடித்தவர்களுக்கு வேலை தேட 18 மாதம் தர்றாங்க. பிரிட்டனில் மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கு 2 வருஷம். 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு அதுவும் 18 மாதம்தான். அமெரிக்கக் கம்பெனிகள் பலவற்றுக்குச் சென்னையிலும் பெங்களூரிலும் பெரிய ஆபீஸ் இருக்கு. விசா விழலைன்னா அதே கம்பெனியின் இந்திய ஆபீஸுக்கு மாற முடியுமா என்று முதல் வருஷமே பேசி வையுங்க. கடைசி மாசம் கேட்டா பதில் வராது.

பௌர்ணமிக்குக் கிரிவலம் போறப்போ குபேர லிங்கத்துல வேண்டிக்கோங்க, வேணாம்னு சொல்லலை. ஆனா 14 கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்ததும், ஒரு பேப்பரை எடுத்து அந்தத் தவணைக் கணக்கை அப்பா, அம்மா முன்னாடி உட்கார்ந்து போடுங்க. கையெழுத்துப் போடப் போறது அவங்கதானே! ஜி.ஆர்.இ. புக்கை அதுக்கப்புறம் திறக்கலாம்.

அடுத்த வாரம் மீட் பண்ணுவோமா?