தீவைச் சுற்றி ஒரு நாள்

பள்ளி விடுமுறை வந்ததும் நம்மவர் இல்லங்களில் எழும் கேள்வி ஒன்றே: பிள்ளைகளை எங்கே கூட்டிச் செல்வது? விடை பெரும்பாலும் இன்னோர் உறவினர் வீடாகவே அமைந்துவிடுகிறது. அங்கும் அதே தொலைக்காட்சி, அதே கோழிக்கறி. இதனைக் குறைகூற நாம் வரவில்லை. இரண்டு வேலை பார்க்கும் பெற்றோருக்கு ஓய்வே பெருஞ் சுற்றுலா. ஆயினும், இலண்டனில் விடியற்காலை புறப்பட்டு இரவு வீடு திரும்பி உறங்கக்கூடிய தொலைவில் ஒரு தீவு உண்டு என்பதை நம்மவருட் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஐல் ஒஃப் வைட் என்னும் அத்தீவு, கிழக்கு மேற்காக ஏறத்தாழ 23 மைலும் வடக்குத் தெற்காக 13 மைலும் கொண்டது. இலண்டனிலிருந்து போர்ட்ஸ்மௌத் துறைமுகம் சுமார் 75 மைல். அங்கிருந்து வாகனத்தோடு கப்பலேறினால் 45 நிமிடத்தில் ஃபிஷ்பேர்ண் துறை. கப்பற் கட்டணம் நாளுக்கும் நேரத்திற்கும் ஏற்ப ஏறி இறங்கும். ஆதலால் முற்கூட்டியே பதிவு செய்தல் நன்று.

முதன்முறை சென்றபோது நாம் செய்த மடமையையும் சொல்லத்தான் வேண்டும். ஒன்பது இடங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனோம். மூன்றாவது இடத்தை அடையுமுன்னரே நான்கு வயது மகள் இடியப்பம் முழுவதையும் காரின் பின்னிருக்கையில் வாந்தியெடுத்துவிட்டாள். ஏழு வயது மகனோ, எந்த இடத்திலும் பத்து நிமிடத்திற்கு மேல் நிற்கவிடாத தந்தையோடு பேச மறுத்துவிட்டான். அன்று தீவு முழுவதையும் கண்டோம். ஆனால் ஒன்றையும் பார்க்கவில்லை. இம்முறை மூன்றே இடங்கள் என்று முடிவு செய்தோம். வளைந்த தெருக்களுக்கு முன் பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பதில்லை என்பதும் அன்று கற்ற பாடம்.

இம்முறை எம்மோடு மாமியும் வந்தார். நெடுந்தீவிற் பிறந்து, வலிகாமத்தில் வாழ்க்கைப்பட்டவர். கப்பல் புறப்படுமுன் யாவரும் வாகனத்தை விட்டு மேல்தளத்துக்கு ஏறிவிட வேண்டும் என்பது விதி. மாமி இறங்க மறுத்தார். "தம்பி, நான் காருக்குள்ளயே இருக்கிறன். நீங்கள் பிள்ளையளக் கொண்டு போங்கோ" என்றார். பணியாளர் வந்து பணிவோடு வற்புறுத்திய பின்னரே படியேறினார். மேலே, கடலைக் காட்டும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்தபடி அமர்ந்தார்.

காரணத்தை நாம் அறிவோம், பிள்ளைகள் அறியார். 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கிச் சென்ற குமுதினிப் படகில் பயணிகள் குழந்தைகளோடு சேர்த்து வெட்டிக் கொல்லப்பட்டனர். மாமிக்குத் தெரிந்தவர்கள் அதிற் சென்றிருந்தனர். பின்னாளிற் படகேற நேர்ந்த போதெல்லாம் கதவுப் பக்கம் பார்த்தே இருந்ததாக எம் துணைவியார் சொல்வார். மகனோ, "அம்மம்மா, கடலப் பாக்கேல்லையோ?" என்று அவர் சேலையைப் பிடித்திழுத்துக்கொண்டிருந்தான். நாம் அவனை வெளித்தளத்துக்கு அழைத்துச் சென்றோம்.

முதலிடம் கறிஸ்புறூக் கோட்டை. தீவின் நடுவே, நியூபோட் நகரை அடுத்துள்ளது. முதலாம் சார்ள்ஸ் மன்னர் 1647இலும் 1648இலும் இங்கேதான் சிறைவைக்கப்பட்டிருந்தார். தப்பியோட முயன்றவர் சன்னற் கம்பிகளுக்கிடையே சிக்கிக்கொண்டார் என்று விளக்கியபோது, மகன் கேட்டான்: "அவரையும் டிற்றென்ஷனில வைச்சவையோ?" நம் வீட்டுப் பிள்ளைகள் எந்தெந்தச் சொற்களையெல்லாம் அறிந்து வைத்திருக்கிறார்கள்!

ஆனால் கோட்டையில் எம்மை நெடுநேரம் நிறுத்தியது மன்னரல்லர், கழுதை. 161 அடி ஆழமான கிணறொன்றின் மேல் 1587ஆம் ஆண்டில் எழுந்த கட்டடத்தில் பெரியதொரு மரச்சக்கரம் உள்ளது. கழுதை அதனுள்ளே நடக்க, சக்கரம் சுழன்று வாளி மேலேறுகிறது. இன்று காட்சிக்காகச் சில நிமிடங்களே நடத்துகிறார்கள். மகள் கழுதையை மட்டுமே கண்டாள். மாமியோ அருகிற் சென்று, சக்கரத்தின் அச்சிலிருந்து வாளிக் கயிறு வரை கூர்ந்து நோக்கினார். பின்னர், அன்று காலை முதல் பேசாதிருந்தவர், பிள்ளைகளிடம் பேசத் தொடங்கினார்.

"எங்கட ஊரில கழுதை இல்லை. மனிசர்தான் துலா மிதிச்சவை. உங்கட அம்மப்பா மேல துலாவில முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பார். நான் கீழ நிண்டு பட்டையைப் பிடிச்சு ஊத்துவன். வெங்காயத்துக்குத் தண்ணி போகும்."

"விழமாட்டாரோ?"

"ஒருக்கா விழுந்தவர்."

அம்மப்பா விழுந்த கதை எமக்கும் புதிது. கோட்டைச் சுவரின் மேற் சுற்றிப் பார்க்கும் எண்ணத்தைக் கைவிட்டு, புல்வெளியில் அமர்ந்து கதையைக் கேட்டோம். கட்டிக் கொண்டுபோன புட்டும் முட்டைப் பொரியலும் அங்கேயே முடிந்தன.

அடுத்துத் தெருவைப் பற்றி ஒரு சொல். தீவைச் சுற்றுவதென்றால் கரையோரமாகவே முழுவட்டம் போக வேண்டும் என்றில்லை. தென்கரையின் அடியிலுள்ள களிமண் படை நீரூறினால் வழுக்கும் இயல்புடையது. 2014இல் நைற்றன் ஊருக்கருகே தெருவே சரிந்து ஊடுபோக்குவரத்து நின்றது. 2023 டிசம்பரில் பொன்சேர்ச் பக்கம் மீண்டும் பெருஞ்சரிவு. ஆகவே தென்கிழக்கை விட்டு, கோட்டையிலிருந்து நேரே தெற்கிறங்கிச் சேல் என்னும் ஊரை அடைந்து, அங்கிருந்து மேற்கு நோக்கி மிலிற்றறி றோட் எனும் கரையோரத் தெருவைப் பிடித்தோம். பிரெஞ்சுப் படையெடுப்பை அஞ்சிய காலத்தில் படையினர் போக்குவரத்துக்கென அமைந்த தெரு அது. கிழக்கிலிருந்து மேற்காக ஓட்டினால் கடல் இடப்புறம், பயணிகளின் பக்கம். எதிரே ஃபிறெஷ்வோட்டரின் வெண்சுண்ணப் பாறைகள் கண்ணுக்கு முன் வளர்ந்துகொண்டே வரும். மறுதிசையில் ஓட்டுவோர் இக்காட்சியை முதுகுக்குப் பின்னால் விட்டுவிடுகிறார்கள்.

அத்தெருவிலேயே கொம்ப்ரன் குடாவும் உள்ளது. கடல் வற்றிய வேளையில் இதனருகே பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட டைனோசர்களின் காற்சுவடுகள் வெளிப்படும். சேற்றிற் பதிந்த காலடிக்குள் மணல் நிறைந்து கல்லானவை. மூன்று விரல்கள் நன்கு தெரியும். வற்று நேரத்தை முதல்நாளே அறிந்துகொள்ளாமற் போவோர் வெறுங்கடலைத்தான் பார்ப்பர். முதன்முறை நாம் பார்த்ததும் அதுவே. பாறைச் சரிவின் அடியிற் பிள்ளைகளை விளையாட விடலாகாது, கல் உதிரும். மகள் தன் பாதத்தைச் சுவட்டின் மேல் வைத்து அளந்தாள். மாமி செருப்பைக் கழற்றிக் கையிலெடுத்துக்கொண்டு, கணுக்கால் நனையக் கடலில் நின்றார். நாம் அழைக்கவில்லை. தாமாகவே சென்றார்.

இவ்விடத்தில் இரண்டு மணித்தியாலம் கழிந்தது. தாளில் எழுதியதன்படி அரை மணித்தியாலம்தான்.

மூன்றாவது, மேற்கு முனையிலுள்ள அலம் குடா. பல நிற மணல் அடுக்கடுக்காய் உள்ள பாறைச்சுவர் அங்குண்டு. பாறையிலிருந்து மணலைச் சுரண்ட அனுமதியில்லை. கடையில் விரும்பிய நிறங்களைக் கண்ணாடிக் குடுவையில் நிரப்பித் தருகிறார்கள். விலை கொஞ்சம் அதிகம், ஆனால் பிள்ளைகளுக்கு அதுவே திருவிழா. கரைக்கு இறங்க கம்பியிற் தொங்கும் நாற்காலிகள் உள்ளன. காற்றுப் பலமானால் ஓடமாட்டா. கைக்குழந்தை உள்ளோர் ஏறுமுன் பணியாளரிடம் கேட்டறிதல் அவசியம்.

எதிரே கடலில் ஊசிகள் எனப் பெயர்பெற்ற மூன்று வெண்பாறைகள், முனையில் 1859ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம். "இதில ஊசி எங்க?" என்று மகன் கேட்டது நியாயமே. ஊசிபோல நீண்டு நின்ற நான்காவது பாறை 1764ஆம் ஆண்டுப் புயலில் விழுந்துவிட்டது. பெயர் மட்டும் எஞ்சியவற்றின் மேல் நிற்கிறது. இதே குடாவின் மேலிருந்துதான் மார்க்கோனி 1897இல் கம்பியில்லாத் தந்தியைச் சோதித்தார். இதனைச் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே துணைவியாரின் கைத்தொலைபேசிக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது.

மகாராணி விக்டோரியா 1901இல் உயிர்நீத்த ஒஸ்போன் மாளிகையும் இத்தீவில்தான் உண்டு. அதற்கு வேறொரு நாள் வேண்டும். பெரியவர்களுக்கே கால் நோகும்.

யாமதே வழியாகத் திரும்பி மாலைக் கப்பலைப் பிடித்தோம். மகள் துணைவியாரின் மடியில் உறங்கிவிட்டாள். மாமி இம்முறையும் கதவைப் பார்த்தே அமர்ந்தார். அருகிற் போய் இருந்த மகன், "அம்மம்மா, உங்கட ஐலன்டுக்கும் இப்பிடிக் கப்பல் ஓடுமோ?" என்றான்.

"ஓடும். ஆனா இவ்வளவு பெரிசில்லை. ஒரு மணித்தியாலம் வரும். எங்கட படகுக்குக் குமுதினி எண்டு பேர்."

"அது இப்ப எங்க?"

அப்படகு பழுதுபார்க்கப்பட்டுப் பின்னரும் பல்லாண்டுகள் அதே கடலில் ஓடியது. மாமி அதனைத்தான் சொன்னார். மற்றதைச் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. நெடுந்தீவில் மட்டக் குதிரைகள் காட்டிற் திரிவதையும், முருகைக்கல் வேலிகளையும், பெருத்த பெருக்கமரத்தையும் சொல்லிக்கொண்டே போனார். போர்ட்ஸ்மௌத் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது, வாகனங்களுக்குத் திரும்புமாறு அறிவித்தார்கள். மகன் எழவில்லை. குதிரைக்குத் தண்ணீர் வைப்பது யார் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.