முதல் நாள் ஒரு சலாம்



உயர்தரப் பரீட்சை எழுதி, நல்ல பெறுபேறு இருந்தும் இங்கே பல்கலைக்கழக அனுமதி கிடைக்காமல், மகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் வீடுகள் நம்மிடையே பல உண்டு. சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம் 1983இல் ஆரம்பிக்கப்பட்ட மலேசியா, அப்பிள்ளைகள் நாடிப் போகும் நாடுகளில் ஒன்று. பணம், விசா, உடுப்பு என்று மாதக்கணக்கில் ஓடித் திரிகிறோம். ஆனால் பிள்ளை போய் இறங்கும் அந்த முதல் நாளுக்கு அவளை ஆயத்தப்படுத்துகிறோமா? நாமும் ஆயத்தமாகிறோமா? இம்முறை அந்த ஒரு நாளைப் பற்றியே பேசுவோம்.

கட்டுநாயக்கவிலிருந்து கோலாலம்பூருக்குச் சுமார் மூன்றரை மணித்தியாலப் பயணம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறது. நள்ளிரவு 12.30க்குப் புறப்படும் பிள்ளை, அந்த நாட்டு நேரப்படி காலை 6.30 அளவில் இறங்குவாள். சுபஹுக்கு மிஞ்சியிருப்பது கொஞ்ச நேரமே. குடிவரவு வரிசையில் நின்றால் அதுவும் போய்விடும். வுழூவுடன் இருந்து விமானத்திலேயே தொழுதுகொள்ளும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உங்களுக்கு அப்போது விடியப்புறம் 4 மணிதான். பிள்ளையின் அழைப்பு வரவில்லையே என்று அந்நேரம் பதற வேண்டாம். வரிசை, பொதி எடுத்தல் எல்லாம் முடிய நேரமெடுக்கும். விமான நிலையம் இருப்பது சிப்பாங்கில். அங்கிருந்து நகரத்துக்குச் சுமார் 50 கிலோமீற்றர்.

கடவுச்சீட்டு, விசா அனுமதிக் கடிதம், பல்கலைக்கழகக் கடிதம் ஆகியவை பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது. கைப்பையில் இருக்க வேண்டும். ஒரு நாளைக்குத் தேவையான உடுப்பு, தொழுகை உடை, மருந்து ஆகியனவும் கைப்பையிலேயே இருக்கட்டும். விடுதி விலாசத்தையும் இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுங்கள். கைத்தொலைபேசியில் எல்லாம் இருக்கிறது என்பாள். பற்றரி இறங்கினால் கடதாசிதான் பேசும். நம் பழைய வீடுகளில் உள்ள வட்டக் கம்பிச் செருகி அங்கே பொருந்தாது. மூன்று சதுரக் கம்பி உள்ளதைக் கொடுத்தனுப்புங்கள்.

இவையெல்லாம் சாமான் சம்பந்தப்பட்டவை. மனசுக்கு என்ன கட்டிக் கொடுக்கிறோம்?

1325ஆம் ஆண்டில், 21 வயதில், தஞ்சீரிலிருந்து ஹஜ்ஜுக்கெனத் தனியே புறப்பட்டவர் இப்னு பதூதா. வழியில் காய்ச்சலோடு தூனிஸ் நகரை அடைந்தார். ஊரார் வெளியே வந்து, கூட வந்தவர்களை எல்லாம் பெயர் சொல்லி வரவேற்றார்கள். அவருக்குச் சலாம் சொல்ல ஒருவரும் இல்லை. தனிமை தாங்காமல் அழுதுவிட்டார். அதைக் கண்ட ஒரு ஹாஜி கிட்டே வந்து சலாம் கூறி, ஊருக்குள் போகும்வரை அன்பாகப் பேசிக்கொண்டே வந்தாராம். அதன்பின் ஏறக்குறைய 30 ஆண்டுகள் உலகத்தைச் சுற்றியவர் அந்த மனிதர். உலகம் சுற்றியவருக்கே முதலில் அழுகை வந்ததென்றால், நம் பிள்ளைக்கு வருவதில் வெட்கமென்ன? இதை அவளுக்குச் சொல்லியனுப்புங்கள். யாராவது வந்து பேசட்டும் என்று காத்திராமல், தானே முதலில் சலாம் சொல்லப் பழக்குங்கள். வயதில் மூத்த பெண்ணை அங்கே ‘மாச்சிக்’ என்பார்கள். நன்றிக்குத் ‘தெரிமா காசி’. நம் நாட்டு மலாய்ச் சகோதரி ஒருவரிடம் இப்படிப் பத்துச் சொல் கேட்டுப் படித்தாலே போதும், கடைக்காரியின் முகம் மலரும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். காலையில் அவர்கள் சாப்பிடும் ‘நாசி லெமாக்’ தேங்காய்ப்பாலில் அவித்த சோறு. அதில் போடுவது நம் அடுப்படியில் போடும் அதே ரம்பை இலை. பக்கத்தில் சம்பல், பொரித்த நெத்தலி, முட்டை. முதல் நாள் அந்த வாசனை பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

இனி உம்மாமாருக்கு ஒரு வார்த்தை. அன்று மாலை மகள் பேசுவாள். குரல் கேட்டதும் உங்களுக்கு அழுகை வரும். “பொம்பிளப் புள்ளயத் தனிய அனுப்பிட்டாங்க” என்று அக்கம்பக்கம் சொன்னதெல்லாம் ஞாபகம் வரும். அதையெல்லாம் அவள் காதில் கொட்டிவிடாதீர்கள். உம்மா அழுவதைக் கேட்ட பிள்ளை, அடுத்த நாள் முதல் “நல்லா இருக்கேன் உம்மா” என்று மட்டுமே சொல்வாள். காய்ச்சல் வந்தாலும் சொல்ல மாட்டாள். காசு முடிந்தாலும் சொல்ல மாட்டாள். யாராவது தொல்லை கொடுத்தாலும் தன் மனசோடு வைத்துக்கொள்வாள். முதல் நாளில் நாம் சிந்தும் கண்ணீர், அவள் வாயை வருஷக்கணக்கில் அடைத்துவிடலாம்.

ஆகவே அழுவதானால் தொலைபேசியை வைத்த பிறகு அழுங்கள், துஆவில் அழுங்கள். அவளிடம் மூன்று கேள்வி போதும்: இன்று என்ன சாப்பிட்டாய்? எங்கே தொழுதாய்? யாரோடு பேசினாய்? மூன்றாவது கேள்விக்கு “ஒருத்தரோடயும் இல்ல” என்று பதில் வந்தால் திட்டாதீர்கள். “நாளைக்கு ஒரு ஆளுக்குச் சலாம் சொல்லிட்டு எனக்குச் சொல்லு மகள்” என்று சொல்லுங்கள். அவள் அழுதால் அழவிடுங்கள். “திரும்பி வந்திடு” என்றும் சொல்ல வேண்டாம், “அழாதே” என்றும் சொல்ல வேண்டாம். கேட்டுக்கொண்டிருங்கள்.

இன்னொன்று. மாலைதீவிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் தெஹிவளையிலும் கொழும்பின் மற்றப் பகுதிகளிலும் வாடகை அறைகளில் தங்கியிருக்கிறார்கள். இப்னு பதூதாவும் 1344இல் மாலைதீவிலிருந்துதான் நம் புத்தளம் கரையில் வந்திறங்கினார். அங்கிருந்த அரசர் ஆரியச்சக்கரவர்த்தி அவரை விருந்தாளியாக வைத்துப் பேணி, பாவா ஆதம் மலையைக் காண வழித்துணையும் கொடுத்தனுப்பினார். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து அறையிலும் ஒரு பிள்ளைக்கு இன்று முதல் நாளாக இருக்கலாம். ஒரு பீங்கான் சோறு அனுப்புங்கள். வாசலில் கண்டால் நீங்களே முந்திச் சலாம் சொல்லுங்கள். தூரத்தில் இருக்கும் அவளுடைய உம்மா அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார்.