சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் எதற்கு?

வைட்டிலாவுக்கு வருமுன் மட்டாஞ்சேரியில் ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வெட்டுக்கல் சுவர், சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்புப் பூச்சு. மேடத்து வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்றிருக்கும். சுவரில் ஓரிடம் ஈரம் கண்டதும் வீட்டுக்காரர் சிமெண்ட் பூசிவிட்டார். அடுத்த இடவப்பாதி மழையிலேயே உப்புப் பூத்து, பாளம் பாளமாக விழத் தொடங்கியது.

ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. சுவருக்குள் ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்து வைக்கும். 'டச்சு அரண்மனை' என்கிறோமே, அதை 1555-இல் கட்டியவர்கள் போர்த்துகீசியர்கள் (டச்சுக்காரர்கள் 1663-இல் பழுது பார்த்ததோடு சரி!). போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824-இல்தான். சுண்ணாம்பின் பலத்துக்கு வேறு சாட்சி வேண்டுமா? நம் செட்டிநாட்டு வீடுகளையும் நினைத்துப் பாருங்கள்.

சுண்ணாம்பு வேலைக்குக் கூலியும் நாளும் கூடுதல்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் மட்டாஞ்சேரியில் பழைய வீடு வைத்திருக்கும் அன்பர்கள் சிமெண்ட் மூட்டையைப் பிரிக்குமுன் ஒருமுறை யோசிக்க வேண்டுகிறேன். சுண்ணாம்புக் காரை பூசத் தெரிந்த கொத்தனார் உங்கள் சொந்த ஊரில் இருந்தால் சங்கத்தில் பெயர் கொடுங்கள்.