சின்னத்திரை நாடகங்களும் செந்தமிழும்

காலை வழிபாட்டு வேளையில் எங்கள் பள்ளி முற்றத்தில் பிள்ளைகள் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து ஒரு நாடகத்தின் முகப்பில் உள்ள பாட்டு என்பது நம்மவருள் எத்துணைப் பேர்க்கு நினைவில் நிற்கின்றது? பேராசிரியர் சுந்தரனார் 1891ஆம் ஆண்டு வெளியிட்ட மனோன்மணீயம் என்னும் நாடக நூலின் தொடக்கத்தே அமைந்த வாழ்த்து அது. 1970ஆம் ஆண்டில் தமிழக அரசு அதனை அரசு விழாக்களுக்கு உரியதாக்கிற்று. 2021ஆம் ஆண்டில் மாநிலப் பாடலாக அறிவித்தது. நம் நெல்லைப் பல்கலைக்கழகமோ அந் நாடகத்தின் பெயரையும் அதனை யாத்தவர் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கின்றது. நாடகத்துக்கு இத்துணை ஏற்றம் தந்த நாட்டில், இற்றை நாள் மாலைதோறும் வீடுதோறும் நடக்கும் நாடகம் எத்தகையது என்று ஆராய்வது தமிழாசிரியன் ஒருவனுக்குத் தகாத வேலை அன்று.

உண்மையைச் சொல்லிவிடுகின்றேன். நெடுங்காலமாய் நான் அவற்றைப் பார்த்ததில்லை. பாராமலே பழித்து வந்தேன். சென்ற ஆண்டு வகுப்பில் ஓயாது பேசிக்கொண்டிருந்த ஒரு பையனை வெளியே நிற்குமாறு சொன்னேன். அவன் எழுந்து, அச்சம் சிறிதுமின்றி, "ஐயா, நான் எலிமினேட்டா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, எனக்கு மட்டும் பொருள் விளங்கவில்லை. அருகிருந்த மாணவி, "பிக் பாசு வீட்டிலிருந்து வெளியே அனுப்புவார்கள் ஐயா, அதைச் சொல்கிறான்" என்று எனக்குப் பாடம் சொன்னாள். தன் மாணவர் பேசும் சொல்லின் பிறப்பிடம் அறியாதவன் அச்சொல்லை எங்ஙனம் களைவான்? அன்று மாலையே மேலகரத்தில் எம் அன்னையார் இருக்கும் கூடத்தில் போய் அமர்ந்தேன். எண்பதைக் கடந்த அவர்க்கு மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை அப்பெட்டியே துணை. அன்று தொட்டு ஏறத்தாழ ஓராண்டு நானும் பார்த்தேன். பழையவற்றையும் தேடிப் பார்த்தேன்.

எங்கள் இளமையில் நிலை வேறு. சென்னையில் 1975ஆம் ஆண்டு ஆகத்து 15ஆம் நாள் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பெற்றது. எங்கள் தெருவுக்கு அது வந்து சேர நெடுநாள் ஆயிற்று. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' காணத் தெருவே ஒரு வீட்டில் கூடும். அது முடிந்து சற்று நேரத்தில் நடுவணரசின் இந்தி வந்து அமர்ந்துகொள்ளும், கூட்டம் கலைந்துவிடும். இந்தித் திணிப்பை எதிர்க்க எங்கள் தெருப் பெண்டிர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. நாடகம் கேட்க வேண்டுமாயின் இலங்கை வானொலி இருந்தது. சில்லையூர் செல்வராசனாரின் 'தணியாத தாகம்' முதலான தொடர்களையும் அந்நிலையத்து அறிவிப்பாளர்தம் தெள்ளிய ஒலிப்பையும் கேட்டு ழகரம் பழகியவர் தென்பாண்டிச் சீமையில் பலர். நானும் அவர்களுள் ஒருவன்.

1993ஆம் ஆண்டு சித்திரை முதல்நாள் சன் தொலைக்காட்சி வந்த பின்னரே நாள்தோறும் நடக்கும் நெடுந்தொடர் வீட்டுக்கு வீடு வேரூன்றிற்று. அவற்றுள் நல்லவற்றை நல்லவை என்று சொல்லுதற்கு நான் தயங்கேன். 2002ஆம் ஆண்டு தொடங்கிய 'மெட்டி ஒலி'யை முதலில் சொல்வேன். ஐந்து பெண்மக்களைப் பெற்ற தந்தை ஒருவர் அவர்களைக் கரையேற்றப் படும் பாடு, அவ்வளவே கதை. ஆயினும் மாந்தர் பேசுவது நம் வீட்டுப் பேச்சு. அழுவது நம் வீட்டு அழுகை. மிகைப்படுத்தல் உண்டு, ஆனால் பொய் இல்லை. அதனை இயக்கிய திருமுருகனே பின்னர் 'எம்டன் மகன்' என்னும் திரைப்படத்தை எடுத்தார். தமிழ்ப்பெயர் சூட்டிய படங்கட்கு 2006ஆம் ஆண்டு அரசு கேளிக்கை வரி விலக்களித்தபோது அப்பெயர் 'எம் மகன்' ஆயிற்று. 1914ஆம் ஆண்டு சென்னைமேல் குண்டு வீசிய செருமானியக் கப்பலின் பெயர் ஒரு வரிச் சலுகையால் கழன்று வீழ்ந்ததை எண்ணிச் சிரித்ததுண்டு. பணம் கருதியேனும் தமிழ் வைத்தார்களே என்று மகிழ்ந்ததும் உண்டு. அச்சலுகை திரைப்படத்துக்கே உரியதாயிருந்தது. சின்னத்திரைக்கு அத்தகைய தூண்டுகோல் இல்லை.

எனினும் நெடுந்தொடர்களின் பெயர்கள் பெரும்பாலும் தமிழாகவே இருப்பதை நம் அன்பர்கள் கருத வேண்டும். மெட்டி ஒலி, கோலங்கள், தென்றல், எதிர்நீச்சல், சிறகடிக்க ஆசை, கயல் என எவையும் வாய்க்கு இனியவை. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' போன்றவை இடையிடையே வந்தனவே. பெண்கள் விரும்பிப் பார்ப்பதற்குத் தமிழ்ப்பெயர் வைக்கின்றனர். இளைஞர் பார்ப்பதற்கு ஆங்கிலப் பெயர் வைக்கின்றனர். 'சூப்பர் சிங்கர்', 'குக்கு வித் கோமாளி', 'பிக் பாஸ்' என்பவற்றைக் காண்க. பின்னதில் 'கோமாளி' ஒன்றே நம்முடையது! இவ் வணிகர் கணக்கின்படி தமிழ் என்பது அடுக்களையில் இருக்கத்தக்கது. ஆங்கிலமே அரங்குக்கு ஏற்றது. என் நெஞ்சைச் சுட்டது இக்கணக்கே.

நெடுந்தொடரின் பெருங்குற்றம் அதன் நெடுமை. இளங்கோவடிகள் ஒரு குடும்பத்தின் வாழ்வும் வீழ்வும், ஓர் அரசின் பிழை, ஒரு நகரின் எரி, மூன்று நாட்டின் பெருமை அனைத்தையும் முப்பது காதையில் முடித்தார். 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை ஆயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடிற்று. ஒரு பகுதியின் முடிவில் ஒருவர் கதவைத் திறப்பார். மறுநாளே அவர் உள்ளே வருவார். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென வகுத்தார். இத்தொடர்களில் அழுகை உண்டு, வெகுளி உண்டு, அச்சம் உண்டு. பெருமிதம் என்னும் ஒன்றை ஓராண்டு தேடியும் அரிதாகவே கண்டேன்.

அரிதாகக் கண்டது 'எதிர்நீச்சல்' தொடரில். கோலங்களை இயக்கிய திருச்செல்வமே 2022ஆம் ஆண்டு தொடங்கியது அது. படித்த பெண்களை மருமக்களாய்க் கொணர்ந்து அடுக்களையில் பூட்டும் ஒரு வீடு. அப்பூட்டை அவர்கள் ஒவ்வொருவராய் நெகிழ்க்கும் கதை. ஆதி குணசேகரன் என்னும் அக்கொடுங்கோலனாய் நடித்த மாரிமுத்து 2023ஆம் ஆண்டு செப்தம்பர் 8ஆம் நாள் அத்தொடருக்கே குரல் கொடுத்துக் கொண்டிருக்கையில் நெஞ்சுநோயால் மறைந்தார். அன்று எம் அன்னையார் உணவு கொள்ளவில்லை. "அவன் கெட்டவனாத்தான் நடிச்சான், ஆனா நம்ம ஊருப் பேச்சு பேசுனாம்யா" என்றார். மதுரைப் பேச்சும் நெல்லைப் பேச்சும் வேறு என்று இலக்கணம் சொல்ல நான் வாய்திறந்தேன்; மூடிக்கொண்டேன். தன் மொழியை உயிருள்ள வாயிலிருந்து கேட்டதற்கே அம்முதியவள் அழுதாள். குறையும் சொல்வேன்: பெண்கள் எழுச்சி பெற்ற கதையில் ஊரெங்கும் பரவியது அக்கொடியவன் பெண்களை அதட்டிய விளியே, அவர்கள் மறுமொழி ஒன்றும் எவர் நாவிலும் நிற்கவில்லை.

இதனோடு இந்தியிலிருந்து மொழிமாற்றி வந்த தொடர்களை ஒப்பிடுக. 'சிந்து பைரவி', 'மண் வாசனை', 'உள்ளம் கொள்ளை போகுதடா' என்று பெயர் மட்டும் நம்முடையது. வாய் இந்தியில் அசையும். செவியில் தமிழ் விழும். உதட்டசைவுக்கு ஏற்ப அளந்த தமிழ் ஆதலின் வினைமுற்று ஓரிடம், எழுவாய் ஓரிடமாய்க் கிடக்கும். அன்று இந்தி வந்தபோது எழுந்துபோன அதே பெண்டிர், தமிழ்ச்சட்டை இட்டு வந்தபோது இருந்து பார்த்தனர். முன்வாயிலில் மறுக்கப்பட்டது பின்வாயிலில் புகுந்த கதை இது.

இனி மெய்ம்மைக் காட்சிகள். பிக் பாசின் மூலம் 1999ஆம் ஆண்டு நெதர்லாந்தில் தோன்றிய 'பிக் பிரதர்'. ஆர்வெல் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1949ஆம் ஆண்டு நூலில், குடிமக்களை ஓயாது உளவு பார்க்கும் கொடிய ஆட்சியின் அடையாளமாக அப்பெயரைப் படைத்தார். அவர் அச்சுறுத்தலாய் எழுதியதை இவர்கள் விளையாட்டாக்கிவிட்டனர். நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு சூன் முதல் ஏழு பருவங்கள் கமலகாசனும், 2024 முதல் விசய் சேதுபதியும் நடத்தினர். கமலகாசன் தம் நான்காம் பருவத்தில் கிழமைதோறும் ஒரு நூலை அறிமுகம் செய்தார். அந்நன்மையை மறைப்பது அறமன்று. ஆயின் நூறு நாள் அடைபட்டோர் ஒருவர் மேல் ஒருவர் புறங்கூறுவதைக் காட்டிப் பொழுது போக்கும் அமைப்பு, ஒரு நூலால் தூய்மை பெறுமா? வெளியேற்றம், பணி, தலைவர், ஒப்புரை அறை என்று எளிய தமிழில் சொல்லக்கூடிய ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்லுதற்கு எவர் கட்டளை?

பாட்டுப் போட்டிகளில் என்னை வருத்தியது வேறு. எட்டு அகவைப் பெண்பிள்ளை காமப் பாட்டைப் பாட, நடுவர் எழுந்து நின்று கைதட்டுகின்றனர். எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி தேவாரம் நன்கு பாடுவாள். அத்தகைய தேர்வொன்றுக்குப் போனவளை, திரைப்பாட்டு ஒன்றாவது வேண்டும் என்று திருப்பி அனுப்பினர். வண்டிச் செலவு வீணாயிற்றே என்று அவள் தந்தை வருந்தினார். நான் வேறொன்றுக்கு வருந்தினேன். மற்றொன்றும் சொல்வேன். செங்கோட்டைக்கு அப்பால் மலை கடந்தால் மலையாள நாடு. அங்கிருந்து வந்து பாடும் பிள்ளைகள் ழகரத்தைச் செம்மையாய் ஒலிக்கின்றனர். நம் பிள்ளைகள் அதனை ளகரமாக்குகின்றனர். ழகரத்தை நம் சிறப்பெழுத்து என்று மேடையில் முழங்குவோர் இதற்கு விடை சொல்லட்டும்.

கலப்பின்றிப் பேசினால் எவரும் பாரார் என்பது வணிகர் வாதம். 2006ஆம் ஆண்டு செப்தம்பரில் தொடங்கிய மக்கள் தொலைக்காட்சி அவ்வாதத்தை மறுத்து எழுந்தது. 'சொல் விளையாட்டு' நடத்திற்று. பிறமொழிச் சொல் கலவாது பேசுவோர்க்குத் 'தமிழ் பேசு தங்கக் காசு' என்று பரிசு தந்தது. வ. கௌதமன் இயக்கிய 'சந்தனக்காடு' தொடரை ஊர் ஊராய் உட்கார்ந்து பார்த்தனர். தாய்மொழி பேசுதற்குப் பொற்காசா என்று நாணியவர் உண்டு, நானும் நாணினேன். ஆனால் தெருவில் நின்ற தொழிலாளி ஒருவர் ஒவ்வொரு சொல்லாய்த் தேடி, நெற்றி சுருக்கி, தமிழை மீட்டெடுக்கும் அம் மணித்துளிகளில் நான் கண்டது பெருமிதம் என்னும் மெய்ப்பாடே. அத்தகைய நிகழ்ச்சிகளை நாம் போதிய அளவு பார்க்கவில்லை. விளம்பரம் தருவோர் பார்ப்போர் தொகையையே எண்ணுவர். இதில் குற்றம் நம் மேலும் உண்டு.

அதனைக் கண்ட பின் என் வகுப்பில் வெள்ளிதோறும் கடைசிப் பாடவேளையில் அவ்விளையாட்டை நடத்துகின்றேன். பொற்காசுக்கு வழியில்லை; புளியமுத்து. ஐந்து மணித்துளி கலப்பின்றிப் பேசினால் ஐந்து முத்து. பிழை கண்டு சொல்பவர்க்கு ஒரு முத்து. "நான் எலிமினேட்டா?" என்று கேட்ட அப்பையன் சென்ற சாரல் காலத்தில் எழுந்து வந்தான். அவன் தந்தை ஐந்தருவிச் சாலையில் பழக்கடை வைத்திருக்கின்றார். அருவியில் நீர் வரத்து, கூட்டம், விலை பேசும் முறை என்று நான்கு மணித்துளி தடையின்றிச் சொல்லி வந்தவன், மங்குசுத்தான் பழத்தின் முன் வந்து நின்றுவிட்டான். அப்பெயர் கடல் கடந்து வந்தது. வகுப்பு முழுதும் என்னைப் பார்த்தது. பழத்தோடு வந்த பெயரை நம் ஒலிக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொல்ல நான் எழுந்தேன். அதற்குள் அவனே, "ஊதா ஓட்டுப் பழம்" என்று சொல்லிவிட்டு, விலையைத் தொடர்ந்தான்.